ஒக்காசியோன் வண்டி

பழைய காரைப் பிரெஞ்சில் ‘வுவாத்யூர் தொக்காசியோன்’ என்பார்கள். ‘ஒக்காசியோன்’ என்றால் சந்தர்ப்பம், வாய்ப்பு. ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்திய பொருளுக்கும் அதே சொல்தான். நாம் ‘செகண்ட் ஹேண்ட்’ என்று சொல்லும்போது அதில் கொஞ்சம் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரன் அதையே ‘வாய்ப்பு’ என்கிறான். நம்ம புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் இரண்டு சொல்லையும் கேட்டு வளர்ந்தவர்கள். எந்தச் சொல் சரி என்பது, வாங்குகிறவன் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறான் என்பதைப் பொறுத்தது. மூன்று மாதம் என் பேத்தியோடு கார் தேடி அலைந்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான்.

பேத்திக்குச் சென்னையில் வேலை. வெள்ளிக்கிழமை இரவு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு வருவாள்; ஞாயிறு மாலை திரும்புவாள். ஒரு பக்கம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கையில் 7 லட்சம் சேர்த்து வைத்திருந்தாள். கடன் வாங்கமாட்டேன், யாரிடமும் கேட்கமாட்டேன், ஆனால் வேகமான செடான்தான் வேண்டும் என்றாள்.

என் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்பா, நீங்க சொன்னா கேப்பா. சின்னதா, மெதுவா ஓடுற புது வண்டியா எடுக்கச் சொல்லுங்க. ராத்திரியில அந்த ரோட்டுல வர்றா, எனக்கு வயித்தக் கலக்குது” என்றாள். தாயின் பயத்தில் தப்பில்லை. ஆனால் பேத்தியின் ஆசையிலும் எனக்குத் தப்பு தெரியவில்லை. சொந்தமாகச் சம்பாதித்த காசு. நமக்கு அந்த வயதில் ராஜ்தூத், புல்லட் என்று ஆசை இருந்ததே! எனவே இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னேன். வேகமான வண்டியே பார்ப்போம். ஆனால் நிற்கிற வண்டியாகவும் இருக்க வேண்டும். காகிதத்தை நான் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. “தாத்தா, ஃபைல் பாக்கத்தானே உங்களைக் கூப்பிடுறேன்” என்று சிரித்தாள்.

வேகமான செடான் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்கு ஒரு கணக்கு. நாம் ஏறி இறங்கிய அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினுக்கு ஏறக்குறைய 50 குதிரைசக்தி. பிரீமியர் பத்மினிக்கு அதைவிடவும் குறைவு. பேத்தி கேட்ட ஸ்கோடா ரேபிட் 1.0 டிஎஸ்ஐ வண்டியின் எஞ்சின் வெறும் 999 சிசி, மூன்றே சிலிண்டர். ஆனால் 110 குதிரைசக்தி. வண்டியின் எடையில் அம்பாசடருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே எடையை இரண்டு மடங்குக்கு மேலான சக்தி இழுக்கிறது. இதற்குக் காரணம் டர்போ. வெளியேறும் புகையின் விசையில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூடுதலாக எரிகிறது. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைக் காப்பாற்றுவது எஞ்சின் ஆயில் ஒன்றுதான். ஆயில் மாற்றுவதில் சோம்பல்பட்டவரிடம் டர்போ வண்டி வாங்குவது, வேரில் கரையான் பிடித்த தென்னையை விலைக்கு வாங்குவது மாதிரி.

அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். ஃபியட் லீனியா டி-ஜெட்: 1.4 லிட்டர் டர்போ, 114 குதிரைசக்தி, விலையோ மிகக் குறைவு. ஹுண்டாய் வெர்னா 1.6 டீசல்: 128 குதிரைசக்தி, 260 நியூட்டன் மீட்டர் இழுவை. ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ: 180 குதிரைசக்தி, 7 கியர் ஆட்டோமேட்டிக். ஃபோக்ஸ்வாகன் வென்டோ, ஸ்கோடா ரேபிட் இரண்டும் 1.0 டிஎஸ்ஐ, 6 கியர் மேனுவல். இரண்டும் அண்ணன் தம்பி. உள்ளே இருக்கும் எஞ்சின் ஒன்றுதான்.

லீனியாவைப் பார்த்ததும் எனக்குப் பெஜோ 309 ஞாபகம் வந்தது. 1990களின் நடுவில் பிரீமியர் நிறுவனத்தோடு சேர்ந்து பெஜோ இந்தியாவுக்கு வந்தபோது நம்ம ஊரில் எத்தனை பேருக்குச் சந்தோஷம்! பிரெஞ்சு வண்டி, பாட்டன் காலத்துப் பெயர். சில வருடங்களிலேயே அந்தக் கூட்டு முடிந்துபோயிற்று. வண்டி வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். வண்டி நல்ல வண்டிதான்; ஆனால் செய்தவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். ஃபியட் பெயரில் வந்த கார்களும் இப்போது இந்தியாவில் புதிதாக விற்பனைக்கு இல்லை. லீனியா ஓட்டினால் சுகமாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உதிரிபாகம் தேடப் பொறுமையும், நல்ல மெக்கானிக்கும், இன்னொரு வண்டியும் வைத்திருப்பவருக்கு அது பரவாயில்லை. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருக்க வேண்டியவளுக்குச் சரிவராது.

ஆக்டேவியாவின் 180 குதிரைசக்தி அவளை இழுத்தது. நான் வாங்கும் விலையை விட்டுவிட்டு, வைத்திருக்கும் செலவைத் தாளில் எழுதச் சொன்னேன். புதிதாய் இருந்தபோது 20 லட்சத்தைத் தொட்ட வண்டி, 7 லட்சத்துக்கு இறங்கி வந்தாலும் அதன் டயரும் பிரேக்கும் கியர்பாக்ஸும் பழைய விலையிலேயேதான் இருக்கும். அந்த இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் பெரிய பழுது வந்தால் அவளுடைய ஒரு வருடச் சேமிப்பு போய்விடும். எழுதி முடித்ததும் அவளே அதன்மேல் கோடு போட்டாள். வெர்னா டீசலுக்கும் நல்ல இழுவை. ஆனால் அவள் ஓட்டம் மாதம் 1,200 கிலோமீட்டர்தான். டீசல் வண்டிக்குக் கூடுதல் பணம் போடும் அளவுக்கு அது இல்லை.

மிஞ்சியவை ரேபிட், வென்டோ இரண்டும். ரேபிட் உற்பத்தி 2021இல் நின்றுவிட்டது. ஆனால் அதே 1.0 டிஎஸ்ஐ குடும்பத்து எஞ்சின் இன்று புதிதாக விற்கும் ஸ்லாவியா, விர்டஸ் கார்களில் இருக்கிறது. ஆகவே எஞ்சின் வேலை தெரிந்தவர்களும் உதிரிபாகங்களும் இன்னும் பல வருடங்களுக்குக் கிடைக்கும். 7 லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தொடவே கூடாது என்று தனியாக ஒதுக்கினோம். டயர், பிரேக், முதல் சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள். வேகமான பழைய வண்டிக்கு இந்த ஒதுக்கீடு கட்டாயம். கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு, தேய்ந்த டயரோடு நெடுஞ்சாலையில் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பார்த்த வண்டி ஒரு விற்பனைக் கூடத்தில் இருந்தது. 2020 ஜூலையில் பதிவானது, ஒரே உரிமையாளர், வெள்ளை நிறம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. “ஒரு கீறல்கூட விழுந்ததில்லைங்க ஐயா” என்றார் விற்பனையாளர். நான் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டேன். அதில் ‘நோ கிளைம் போனஸ்’ என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருடம் இழப்பீடு கேட்காமல் இருந்தால் 20 சதவீதம், இரண்டு வருடம் என்றால் 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. இந்த வண்டிக்கு 2023 ஜூலை பாலிசியில் 35 இருந்திருக்க வேண்டும். அங்கே பூஜ்யம். அதாவது முந்தின வருடத்தில் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள். கீறலுக்கா, பெரிய இடிக்கா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். எங்களோடு வந்திருந்த முதலியார்பேட்டை மெக்கானிக் அதற்குள் பானெட்டைத் திறந்து, முன்பக்க ஃபெண்டர் போல்ட்களைக் காட்டினார். தலையில் பெயின்ட் உரிந்து, ஸ்பேனர் பட்ட தடம். ஒரு பக்கக் கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளி விரல் நுழைய, மறுபக்கம் நகம்தான் நுழைந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது வண்டி சென்னையில், வேறொரு தரகர் மூலமாக. சந்தை விலையைவிட 80 ஆயிரம் குறைவு. பேத்தி உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டினாள், முகம் மலர்ந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முழுகடித்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகும் தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு ஊர் ஊராகப் போனது எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக் சொல்லிக் கொடுத்த வேலையை நான் செய்தேன். பின்சீட்டின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். வெளியே தெரிகிற பாகம் சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில் காவி நிறக் கோடு. சீட் தண்டவாளத்தின் அடியில் துரு. ஏசி போட்டதும் நனைந்த கோணிச் சாக்கு வாசனை.

அவளுக்கு அழுகை வராத குறை. திரும்பி வருகிற வழியெல்லாம் பேசவில்லை. மரக்காணம் தாண்டித்தான் வாயைத் திறந்தாள்: “தாத்தா, பெல்ட்ட இழுத்திருக்காட்டி நான் இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்திருப்பேன்.” காற்றுப் பையை விரிக்கும் மின்சுற்றும் பிரேக் சென்சார்களும் தண்ணீரில் ஊறிய வண்டியில் எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது. 80 ஆயிரம் மிச்சம் பிடிக்கப்போய் அதில் இவள் ராத்திரியில் வருவதை நினைத்தபோது, மகள் சொன்ன வயிற்றுக் கலக்கம் எனக்கும் வந்தது.

பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பில் 1641ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ‘வீஸ் காஷே’, அதாவது ஒளிந்திருக்கும் குறை, இருந்தால் விற்றவன் பொறுப்பு. அதற்கு அடுத்த 1642, கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு விற்றவன் பொறுப்பில்லை, வாங்குகிறவன்தான் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டின் 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, வாங்குகிறவனே கவனமாயிரு என்றுதான் சொல்கிறது. சட்டம் எதுவானாலும், கோர்ட்டுக்குப் போய் பணம் திரும்பி வருவதற்குள் நமக்கு இன்னொரு வயது கூடிவிடும். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

மூன்றாவது வண்டி விழுப்புரத்தில். உரிமையாளர் வெளிநாட்டு வேலைக்குப் போகிறார். 2020 மாடல் ரேபிட், மேனுவல், 41,000 கிலோமீட்டர். கேட்ட விலை 6 லட்சத்து 20 ஆயிரம். அவர் முதலில் கொண்டுவந்து வைத்தது சாவியை அல்ல, ஒரு ஃபைலை. எல்லா சர்வீஸ் பில்லும் தேதி வரிசையில். நான் ஒரு தாளில் தேதியையும் கிலோமீட்டரையும் இரண்டு பத்தியாக எழுதினேன். கிலோமீட்டர் எங்கேயும் பின்னால் போகவில்லை; நீண்ட இடைவெளி இல்லை; ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றியிருக்கிறார், அந்த எஞ்சினுக்கு உரிய ஆயில். போனஸ் 35 சதவீதம். பாலிசியும் பில்லும் ஓடோமீட்டரும் ஒரே கதையைச் சொன்னன.

அப்புறம்தான் மெக்கானிக் வேலை. முந்தின நாளே சொல்லி வைத்திருந்தோம், நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இரண்டும் இல்லை. கணினிக் கருவியை மாட்டிப் பழுதுக் குறியீடுகளைப் பார்த்தார். யாரும் அண்மையில் அழித்த அடையாளமும் இல்லை. இந்த மாதிரி வண்டிகளில் இன்னொரு கோளாறு உண்டு: எஞ்சினின் மென்பொருளை மாற்றி, 110ஐ 130, 140 ஆக்கி ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையபடி வைத்துவிடுவார்கள். அதற்குச் சாட்சி கிளட்ச். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தார். எஞ்சின் சுற்று மட்டும் எகிறி, வண்டி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் நழுவுகிறது. இது நழுவவில்லை.

குறையே இல்லாத வண்டி இல்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரிலும் ‘2820’. 2020ஆம் வருடம் 28ஆவது வாரம், வண்டியோடு வந்த டயர்கள். பொத்தான்கள் தேய்ந்து, ரப்பர் இறுகியிருந்தது. முன் பிரேக் டிஸ்க் ஓரத்தில் விரல் வைத்தால் வரப்பு மாதிரித் தட்டியது. இவற்றைச் சொல்லிப் பேசி 5 லட்சத்து 85 ஆயிரத்துக்கு முடித்தோம். அவரும் வருத்தப்படவில்லை, உள்ளதைத்தானே சொன்னோம்.

எடுத்த முதல் வாரமே நான்கு டயர், முன் டிஸ்க்குகள், பிரேக் பேட், பிரேக் ஆயில். ஒதுக்கிய லட்சத்தில் பாதிக்குமேல் போயிற்று. “வண்டி நல்லாத்தானே தாத்தா நிக்குது, ஆறு மாசம் போகட்டுமே” என்றாள். மறுபடியும் ஒரு கணக்கு போட்டேன். 60இல் போகிற வண்டியை நிறுத்துவதற்கு உள்ள வேலையைப் போல நான்கு மடங்கு, 120இல் போகிற வண்டியை நிறுத்த. வேகம் இரட்டிப்பானால் பிரேக்கின் சுமை இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். 80இலிருந்து 100 ஆனாலே ஒன்றரை மடங்கைத் தாண்டும். வேகமான வண்டி கேட்டவள் முதலில் டயருக்கும் பிரேக்குக்கும்தான் செலவு செய்ய வேண்டும். ஒத்துக்கொண்டாள். என் மகளிடமும் அந்தத் தாளைக் காட்டினேன்.

பதிவு விஷயத்தில் இரண்டு வார்த்தை. “பிஒய் நம்பரா மாத்திடுங்க, வரி கம்மி” என்று பலர் யோசனை சொன்னார்கள். வண்டி ஓடப்போவது சென்னையில். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். தமிழ்நாட்டு எண்ணாகவே அவள் பெயருக்கு மாற்றினோம். படிவம் 29, படிவம் 30; பழைய வங்கிக் கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதமும் படிவம் 35உம். பணம் முழுவதும் வங்கி மூலம். வண்டியைக் கையில் வாங்கியதற்கு ஒரு தாள் எழுதி, தேதியோடு மணியும் நிமிடமும் போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். காரணம், அன்று காலை வரையிலான அபராதம் அவருடையது, அதற்குமேல் இவளுடையது.

வண்டியை விற்கிற நம் வயதுக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், பொறுப்பும் அவருடையது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘கொடுத்துவிட்டேன், எனக்குத் தெரியாது’ என்பது செல்லாது. பெயர் மாறிய பதிவுச் சான்றின் நகல் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

சென்ற மாதம் பேத்தியோடு அந்த வண்டியில் சென்னைக்குப் போனேன். சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கிற இடத்தில் முன்னால் ஒரு செங்கல் லாரி. அவள் பின்னாலேயே பொறுமையாக வந்தாள். எதிரே நீளமாகச் சாலை காலியானதும் ஒரு கியர் குறைத்து மிதித்தாள். லாரியைக் கடந்து நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது, நான் மூச்சை இழுத்துப் பிடித்து விடுவதற்குள். அம்பாசடரில் அதே லாரியைக் கடக்க எதிர்ச்சாரியில் எவ்வளவு நேரம் நின்றிருப்போம் என்று நினைத்துப் பார்த்தேன். சக்தி என்பது ஆபத்தான இடத்தில் குறைந்த நேரம் இருப்பதற்கும் உதவுகிறது. கடந்த பிறகு அவள் மறுபடி 80க்கு இறங்கிவிட்டாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பேரன் பேத்திகள் வந்து வேகமான வண்டி வேண்டும் என்று சொன்னால், உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம் நம்மிடம் கேட்காமல் வாங்குவார்கள். கூடப் போங்கள். எஞ்சின் நமக்குப் புரியாவிட்டாலும் தேதியும் தொகையும் புரியும். சீட் பெல்ட்டை இழுக்கக் கை இருக்கிறது. டயரில் எழுதியிருப்பதைப் படிக்கக் கண்ணாடி இருக்கிறது. விழுப்புரத்துக்காரர் கொடுத்த ஃபைல் இப்போது என் அலமாரியில். பேத்தி ஒவ்வொரு பில்லையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். நான் அச்செடுத்துக் கிலோமீட்டரைக் குறித்து அதில் சேர்க்கிறேன். அடுத்த ஆயில் மாற்றம் ஐப்பசி மழைக்கு முன்னால்.